வேலையற்ற காலமும் சிறுதொழில் தெரிவும்

யாழ்ப்பாணத்தின் நவீன கல்வி வரலாறு பெரும்பாலும் உத்தியோக வரலாறாகவே அமைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் ஆங்கிலம் கற்ற இளைஞர் கொழும்பின் அரசாங்கக் கந்தோர்களுக்கும் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் எழுதுவினைஞராகச் சென்றனர். அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளைகள் இங்கே கல்வீடுகளாகவும் கோயிற் திருப்பணிகளாகவும் பாடசாலைக் கட்டடங்களாகவும் உருப்பெற்றன. மாத முடிவில் தவறாது வருஞ் சம்பளமும் முதுமையில் வரும் ஓய்வூதியமுமே கல்வியின் இயல்பான பயன் என்னும் எண்ணம் அக்காலத்தில் வேரூன்றியது. உத்தியோக வாயில்கள் ஒடுங்கிய பின்னரும் அவ்வெண்ணம் ஒடுங்கவில்லை. 2017 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கச்சேரியின் முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் நியமனங் கோரிப் பல நாள் தொடர்ந்து அமர்ந்திருந்த காட்சி இதற்குச் சான்று. கல்லூரியை விட்டு வெளியேறுதற்கும் நியமனக் கடிதம் கைக்கு வருதற்கும் இடையே பலருக்கு மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு கழிகின்றது; சிலருக்கு அக்கடிதம் வருவதேயில்லை. இந்த இடைக்காலத்திலே சிறுதொழிலொன்றைத் தொடங்கலாம் என்ற எண்ணம் எவர் உள்ளத்திலும் ஒருமுறையேனும் எழுவதுண்டு. அவ்வெண்ணத்தை எவ்வாறு சோதித்தல் வேண்டும், எந்த வரிசையில் கணக்கிடல் வேண்டும் என்பது பாடசாலைகளிற் போதிக்கப்படுவது குறைவு.

வாணிகம் என்பது உத்தியோகங் கிடையாதவர் செய்வது என்று கருதுவோர், அதே மண்ணின் மற்றொரு வரலாற்றை மறந்தவராவர். யாழ்ப்பாணத்துப் புகையிலையிற் சுற்றிய சுருட்டை விற்பதற்காகத் தென்னிலங்கையின் பட்டினங்கள் தோறும் கடை வைத்தவர்கள் இங்குள்ள கிராமத்தவர்களே. தீவுப்பகுதியினர் பலர் அவ்வாறே பலசரக்குக் கடைகளும் சைவச் சாப்பாட்டுக் கடைகளும் நடத்தினர். அவர்களுட் பெரும்பாலோர் பெருமுதலுடன் சென்றவரல்லர். பதினைந்து வயதளவிற் கடைச் சிப்பந்தியாகச் சேர்ந்து, நிறுக்கவும் கணக்கெழுதவும் சிங்களத்திற் பேசவும் பழகி, எவருக்குக் கடன் கொடுக்கலாம் எவருக்குக் கொடுக்கலாகாது என்பதை அறிந்து, சில ஆண்டுகளின் பின்னரே சிறு பங்காளியாகவோ தனிக்கடைக்காரராகவோ ஆயினர். 1958 ஆம், 1977 ஆம், 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் அக்கடைகளுட் பல எரிந்து போயின. எனினும் அவர்களுடைய முறை கவனித்தற்குரியது: தொழிலைப் பிறர் முதலிற் கற்றுக்கொண்டு, தம் முதலைக் கடைசியில் இட்டனர். இன்று தொழில் தொடங்குவோர் பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்குகின்றனர்; முதலை முதலில் இட்டுவிட்டுத் தொழிலை அதன் பின்னர் கற்கின்றனர்.

வேலையற்றவருடைய நிலை ஏனைய வியாபாரிகளின் நிலையினின்றும் வேறுபட்டது. வியாபாரியின் மகனுக்குத் தந்தையின் கடையுண்டு. கொழும்பு மொத்த வியாபாரி அவன் பெயருக்குக் கடனாகப் பொருள் அனுப்புவான். உத்தியோகத்தர் பகுதிநேரமாகத் தொழில் செய்தால் நட்டம் வந்த மாதத்திலும் அடுப்பு எரியும். வேலையற்றவருக்கு இவ்விரண்டும் இல்லை. ஆனால் அவரிடத்தே ஒரு பொருள் ஏனையோரிடத்தில் உள்ளதைவிட மிகுதியாக உண்டு. அஃது அவருடைய நேரம். ஆதலின் பணத்தைக் குறைவாகவும் நேரத்தை மிகுதியாகவும் வேண்டும் தொழிலே அவருக்குப் பொருந்துவது. ஏனைய ஆலோசனைகள் யாவும் இவ்வொன்றினின்றும் பிறப்பன எனலாம்.

நடைமுறையில் நிகழ்வது பெரும்பாலும் இதற்கு மாறானது. நகை அடைவு வைத்துப் பெற்ற பணத்தில், சந்தியிலுள்ள புதுக்கட்டடத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுக்கப்படுகின்றது. முற்பணம், கண்ணாடி அலுமாரி, மின்விசிறி, வண்ணப் பெயர்ப்பலகை, திறப்புவிழாச் சிற்றுண்டி என்று முதலின் பெரும்பகுதி கரைந்த பின்னர், விற்பதற்குரிய சரக்கு அலுமாரியின் மேற்றட்டை மட்டும் நிரப்புகின்றது. இதற்குக் காரணம் அறியாமை மட்டுமன்று. ‘படித்துவிட்டுச் சும்மா இருக்கிறான்’ என்ற அயலவர் பேச்சுக்கு விடையளிக்கும் ஆவலும் அதனுள் அடங்கியுள்ளது. பெயர்ப்பலகை அயலவருக்கு விடையளிக்கலாம். சரக்கு வாங்க வருபவர் பலகையைப் பார்த்து வருவதில்லை.

நேரம் மிகுதியாக உண்டு எனினும் அது எல்லையற்றதன்று. தொழில் தன் காலில் நிற்கும்வரை வீடு எத்தனை மாதம் தாங்கும் என்பதே முதற் கணக்கு. வீட்டின் மாதச் செலவு, பிள்ளைகளின் படிப்பு, உள்ள கடனின் வட்டி ஆகியவற்றைக் கூட்டி, வேறு வருவாயைக் கழித்து, எஞ்சும் குறையைச் சேமிப்புடன் ஒப்பிட்டால் அவ்வெண் வெளிப்படும். வெளிநாட்டிலுள்ள சகோதரர் அனுப்பும் பணம் வருவாயாகக் கொள்ளப்படுமாயின், அது கடந்த ஓராண்டில் எத்தனை மாதம் உண்மையாக வந்தது என்று பார்த்தல் வேண்டும். ஆறு மாதம் தாங்கும் வீட்டினர், ஓராண்டின் பின்னர் பயன்தரும் தொழிலைத் தெரிந்தால், தொழில் நல்லதாயினும் முயற்சி கெடும். தென்னைக்கும் முருங்கைக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

திருக்குறளின் பொருட்பாலிலே தெரிந்துசெயல்வகை 47 ஆம் அதிகாரமாகவும், வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன முறையே 48 ஆம், 49 ஆம், 50 ஆம் அதிகாரங்களாகவும் வைக்கப்பட்டுள்ளன. அரசனுடைய வினைக்குக் கூறப்பட்டவையாயினும், இம்மூன்று அறிவுகளும் பெட்டிக்கடைக்காரனுக்கும் குறைவின்றிப் பொருந்துவன.

வலி என்பது இங்குக் கைக்குத் தெரிந்த வேலை. பட்டத்தின் பெயரையன்றி, கடந்த சில ஆண்டுகளிற் பிறர் எதற்காக ஒருவரைத் தேடி வந்தனர் என்பதைக் கொண்டு அதனை அறியலாம். தண்ணீர் இறைக்கும் இயந்திரம் பழுதானால் எவரை அழைத்தனர்? கலியாண வீட்டில் பலகாரத்திற்கு மா பதம் பார்க்க எவரைக் கேட்டனர்? சங்கத்தின் கணக்கை எழுதிக் கொடுத்தவர் எவர்? இவ்வகை வேலைகளுக்குக் கூலி கேட்பது நாகரிகமன்று என்ற கூச்சமே பல தொழில்கள் பிறவாது போனமைக்குக் காரணம். வடபகுதியில் படித்த வேலையற்றோர் செய்யும் சிறுதொழில்களுள் மிகப் பரவலானது தனியார் வகுப்பு நடத்துதலாகும். முதல் வேண்டாதது, அறிவே சரக்காயுள்ளது, மாத முடிவிற் காசு வருவது என்ற எல்லா இலக்கணமும் அதற்குண்டு. எனினும் அதனை ஒருவரும் வியாபாரம் என்று சொல்வதில்லை என்பது வியப்பே.

இடத்தை அறிதற்கு அறிக்கைகள் வேண்டுவதில்லை. தொழில் தொடங்க எண்ணும் ஊரின் சந்தியிலே ஒரு வேலைநாளும் ஒரு விடுமுறைநாளும் காலை முதல் மாலைவரை இருந்து, எக்கடைக்கு எத்தனை பேர் எந்நேரத்தில் வந்தனர், என்ன கேட்டு இல்லையென்று திரும்பினர் என்று ஒரு கொப்பியிற் குறித்தல் போதுமானது. இல்லையென்று திரும்பினவர்களின் எண்ணிக்கையே விலைமதிப்புள்ளது. ஒரு தெருவில் நான்கு தொலைபேசித் திருத்தகங்கள் நன்றாக நடக்கின்றன என்பதனால் ஐந்தாவதற்கும் இடமுண்டு என்று முடிவு செய்வது தவறு. அந்நான்கும் உண்மையில் நன்றாக நடக்கின்றனவா என்பதும் வெளியிலிருந்து தெரிவதன்று.

இவ்விடத்தே திருத்துந் தொழில்களைப் பற்றி ஒரு சொல் கூறுதல் தகும். புதுப்பொருள் வருவது தடைப்படும்போதெல்லாம் பழையதைத் திருத்துவோனுக்கு வேலை பெருகுகின்றது. 1990களின் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்கப்பட்டது. ஜாம் போத்தல் விளக்கிற் பிள்ளைகள் படித்தனர். அவற்றை ஆக்கியோர் பெரும்பாலும் சிறு பட்டறைக்காரரும் வீட்டில் இருந்த இளைஞருமே. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 இலேயே தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது. அவ்வைந்தாண்டுகளும் பழைய வாகனங்களைத் திருத்துவோருக்கு ஓய்வில்லை. 2022 இல் எரிபொருள் கிடையாது மக்கள் வரிசையில் நின்ற மாதங்களில் மூலையிற் கிடந்த சைக்கிள்கள் யாவும் திருத்தகங்களுக்கு வந்தன. திருத்துந் தொழிலுக்குச் சரக்கு முதல் குறைவு. கருவியும் கையுமே முதல். கூலி உடனே கிடைப்பது. வேலையற்ற இளைஞர் எவரும் இதனை எண்ணாது ஒதுக்குதல் ஆகாது.

காலத்தை அறிதல் என்பது யாழ்ப்பாணத்தில் நாட்காட்டியை அறிதலாகும். பனம்பழம் ஆடி முதல் புரட்டாதிவரை விழும்; அக்காலத்திலேயே பழக்களியைப் பாயிற் பரவிப் பனாட்டு இடல் வேண்டும். கிழங்கு தையிலும் மாசியிலும் கிண்டப்பட்டு, வெயிலில் ஒடியலாகவும் புழுக்கொடியலாகவும் காயும். ஆகவே பனம்பொருள் வியாபாரி இரண்டு மூன்று மாதங்களில் முதலிட்டு, அதனை ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக விற்றெடுக்கின்றார். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் இருபத்தைந்து நாள் உற்சவம் அவருக்கு ஒரு பெருஞ் சந்தை. வெளிநாட்டிலுள்ளோரின் விடுமுறை வருகையும் அதனை ஒட்டியே அமைகின்றது. கலியாண மண்டப அலங்காரம், பலகாரம், உடை தைத்தல் ஆகியவை ஆடியிலும் மார்கழியிலும் அடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மாரியில் முற்றத்திற் காயவைக்கும் எந்தத் தொழிலும் நடவாது. நல்ல மாதமொன்றின் வருவாயைப் பன்னிரண்டாற் பெருக்கி ஆண்டு வருவாய் என்று கணித்துக் கெட்டவர் பலர்.

காலத்தில் மற்றொரு வகையும் உண்டு. அஃது அரசாங்கக் கொள்கையின் காலம். 1970 முதல் 1977 வரை செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. யாழ்ப்பாணக் கமக்காரர் அவ்வாண்டுகளில் இதற்கு முன்னோ பின்னோ காணாத விலையைக் கண்டனர். படித்த இளைஞர் பலரும் தோட்டத்தில் இறங்கினர். 1977 இன் பின்னர் திறந்த பொருளாதாரம் வந்ததும் வெளிநாட்டு மிளகாய் சந்தையை நிரப்பியது, விலை வீழ்ந்தது, அவ்விலையை நம்பிக் கடன்பட்டோர் நொந்தனர். உழைப்பிலோ அறிவிலோ அவர்களிடத்துக் குறையிருக்கவில்லை. கொழும்பிற் கையொப்பமிடப்படும் ஓர் ஆணையால் வரும் இலாபம், மற்றோர் ஆணையாற் போகும் என்பதே அந்நிகழ்ச்சி காட்டுவது. அத்தகைய இலாபம் கிடைக்கும்போது பெற்றுக்கொள்ளலாம். அதனை அடிப்படையாகக் கொண்டு நீண்டகாலக் கடன் எடுத்தல் ஆகாது.

இனி, கணக்கைச் செய்து காட்டுதல் நன்று. பெண்களும் ஆண்களும் வீட்டிலிருந்தே தொடங்கக்கூடிய யாழ்ப்பாணக் கறித்தூள் தயாரிப்பு இதற்கு உதாரணமாகக் கொள்ளப்படுகின்றது. செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை என்பன வறுக்கப்பட்டு ஆலையில் அரைக்கப்படுவது எல்லாரும் அறிந்ததே. பின்வரும் எண்கள் கணக்கு முறையை விளக்குதற்பொருட்டு எடுத்துக்கொள்ளப்பட்டவை. சந்தை விலைக்கேற்ப இவற்றை மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

நகை அடைவு வைத்து ஒருவர் 150,000 ரூபா பெறுகின்றார் என்க. பெரிய தாச்சி, அடுப்பு, தராசு, பை ஒட்டும் கருவி முதலியவற்றுக்கு 50,000 செலவாகின்றது. இது நிலையான மூலதனம். எஞ்சிய 100,000 தொழிற்படு மூலதனம். ஒரு கிலோ தூளின் அடக்கச் செலவு 2,000 ரூபா. இதைக் கணிக்கும்போது வாங்கிய சரக்கின் எடையை அன்றி, ஆலையினின்றும் திரும்பிவந்த தூளின் எடையையே கொள்ளல் வேண்டும். வறுக்கையில் ஈரம் போகும். காம்பும் கல்லும் மண்ணும் கழியும். ஆலையிலும் சிறிது தங்கும். இந்தக் குறைவைக் கணியாதவர் விற்பது அடக்கவிலைக்குக் கீழே என்பதை அறியாமலே விற்பர்.

முதலாவது வழியிலே அவர் வாரம் 15 கிலோ தயாரித்து, கடைகளுக்குக் கிலோ 2,500 வீதம் கொடுக்கின்றார். கடைக்காரர் நான்கு வாரத்தின் பின்னரே பணந் தருவார். வாரந்தோறும் 30,000 ரூபா வெளியே செல்கின்றது. இலாபம் வாரத்துக்கு 7,500 என்று கொப்பி சொல்கின்றது. மூன்று வாரத்தின் முடிவில் கொப்பியிலுள்ள இலாபம் 22,500; கையிலுள்ள பணமோ 10,000. நான்காம் வாரத்துச் சரக்கை வாங்க இயலாது. முதல் வாரத்துப் பணம் வருவதற்கு இன்னும் சில நாளுண்டு. அதுவும் வந்தாற்றான் உண்டு. இதற்கிடையில் வீட்டுச் செலவுக்கு ஒரு சதமேனும் எடுக்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. தொழில் இலாபத்துடனேயே நின்றுவிடுகின்றது. சிறுதொழில்கள் நட்டத்தால் மட்டுமே மடிகின்றன என்பது பிழையான எண்ணம். இலாபம் பிறர் கையில் இருக்கும்போதும் மடிகின்றன.

இரண்டாவது வழியிலே அவர் வாரம் 10 கிலோ மட்டும் தயாரித்து, வீடுகளுக்கும் பாடசாலை, கந்தோர் ஊழியர்களுக்கும் தாமே கொண்டுசென்று 2,800 ரூபாவுக்குக் கைக்காசாக விற்கின்றார். வெளியே செல்வது 20,000, அதே வாரத்தில் திரும்புவது 28,000, இலாபம் 8,000. உற்பத்தி மூன்றிலொரு பங்கு குறைந்தும் இலாபம் கூடியுள்ளது. தொழிற்படு மூலதனமாக 25,000 போதுமாதலின் 75,000 ரூபாவுக்கே நகை அடைவு வைத்தாற் போதும். ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டு வட்டியெனின் மாத வட்டி 2,250 இலிருந்து 1,125 ஆகக் குறைகின்றது. இவ்வளவையும் தந்தது அவர் செலவிட்ட நேரமே. கடைக்காரனுக்குக் கொடுக்கவேண்டிய பங்கையும் நான்கு வாரத் தவணையையும் அவர் தம் நடையால் ஈடுசெய்தார்.

முதலாவது வழியில் நடத்தியவர் சந்தியில் ஒரு கடையும் எடுத்து, வாடகைக்கும் மின்கட்டணத்துக்குமாக மாதம் 30,000 செலுத்துவாராயின், அவருடைய நான்கு வார இலாபம் முழுவதும் அதற்கே சென்றுவிடும். கிலோவுக்கு 500 ரூபா மிஞ்சும் தொழிலில் 60 கிலோ விற்ற பின்னரே வாடகை தீரும். அறுபத்தோராவது கிலோவிலிருந்தே அவருக்குரியது தொடங்கும். இலாபமும் நட்டமும் அற்ற இந்த எல்லையைக் கண்ட பின்னரே வாடகைப் பத்திரத்திற் கையொப்பமிடல் வேண்டும்.

இரண்டாவது வழியையும் உள்ளபடி மதிப்பிடுதல் முறையாகும். நான்கு வார இலாபம் 32,000. வட்டி 1,125, போக்குவரத்து 4,000, கருவிகளின் பெறுமானத் தேய்வு 1,000 ஆகியவற்றைக் கழித்தால் 25,875 எஞ்சும். மாதம் 25 நாள் முழுநேரமும் உழைத்தால் நாளொன்றுக்கு ஆயிரத்துச் சொச்சமே கிடைக்கின்றது. அன்றாடக் கூலிவேலை இதனிலும் கூடத் தரும். பொருளியலார் அமையச் செலவு என்று கூறுவது இதனையே. ஆகவே இத்தொழிலை நாள் முழுவதும் செய்து ஒரு குடும்பத்தைத் தாங்க எண்ணுதல் தவறாகும். ஆனால் வறுத்தல், அரைத்தல், பொதி செய்தல் யாவும் இரண்டு நாளில் முடிவனவாயின், விற்பனைக்கு மூன்று அரைநாட்கள் போதுமாயின், எஞ்சிய நாட்களில் வேறு வேலை செய்யலாமாயின், கணக்கு மாறுகின்றது. ஒரே தொழிலை நம்பாது இரண்டு சிறு வருவாய்களை இணைப்பது வேலையற்ற காலத்துக்கு ஏற்ற உத்தியாகும். 2020 இல் மஞ்சள் இறக்குமதி தடுக்கப்பட்டு விலை பன்மடங்காக ஏறியபோதும், 2022 இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்து இறக்குமதிச் சரக்கெல்லாம் விலையேறியபோதும், கறித்தூளை மட்டும் நம்பியிருந்தவர் ஒவ்வொரு வாரமும் அடக்கவிலையை மீண்டும் கணிக்க நேர்ந்திருக்கும். சென்ற மாத விலைக்கு விற்பவர் இம்மாதச் சரக்கை வாங்கமாட்டார்.

கடன் விற்பனை பற்றித் தனியே கூறவேண்டும். ஊருக்குள்ளே தொழில் செய்வோர் உறவினருக்குக் கடன் மறுப்பது எளிதன்று. ‘தம்பி, சம்பளம் வந்ததும் தாறன்’ என்று பெரியம்மா ஒருவர் கேட்கும்போது பொருளியல் நூல் எதுவும் துணைக்கு வராது. அனுபவமுள்ளோர் கையாளும் முறை ஒன்றுண்டு: மாதந்தோறும் கடனாகக் கொடுக்கக்கூடிய மொத்தத் தொகையை, அது முழுவதும் திரும்பாது போயினும் தொழில் நிற்காத அளவாக, முன்னரே வரையறுத்துவிடுவர். அத்தொகை முடிந்ததும் எவர் கேட்பினும் அடுத்த மாதமே. மறுப்பு ஆளைப் பொறுத்ததன்று, அளவைப் பொறுத்தது என்று ஆனபின் மனத்தாங்கல் குறைகின்றது.

முதல் தேடும் வழிகளுட் சேமிப்பே சிறந்தது. அது இல்லாதவரிடம் அதனைச் சொல்வதிற் பயனில்லை. நகை அடைவில் வட்டி ஏறினாலும் அவமானமும் அலைச்சலும் குறைவு. ஆயினும் அடைவு வைப்பது பெரும்பாலும் தாயாரின் சங்கிலியோ சகோதரியின் காப்போ ஆகையால், மீட்கமுடியாது போனால் ஏற்படும் இழப்பு தொழிற்கணக்கில் மட்டும் நிற்பதில்லை. தங்கையின் கலியாணத்திலும் சென்று முட்டும். சீட்டுக் கட்டி எடுத்தல் நம்பிக்கையுள்ள வட்டத்தினுள் நன்று. முதற்சீட்டை எடுத்தவர் கடைசித் தவணைவரை கட்டவேண்டியவர் என்பது மறக்கலாகாது. கிராமச் சிக்கனக் கடனுதவிக் கூட்டுறவுச் சங்கம் நன்கு நடக்கும் இடங்களில், அதன் அங்கத்துவம் தொழில் தொடங்குவதற்கு ஓராண்டு முன்னரே பெறப்படுதல் வேண்டும். நுண்கடன் நிறுவனங்களின் வாரத் தவணைக் கடன் எளிதிற் கிடைக்கும். கிடைக்கும் எளிமையே அதன் இடர். முதல் வாரத்திலிருந்தே தவணை கட்டவேண்டிய கடனை, எட்டாம் வாரத்தில் வருவாய் தரும் தொழிலில் இட்டவர் ஒரு கடனை அடைக்க மறுகடன் எடுத்தனர். போருக்குப் பிந்திய வடக்கிலும் கிழக்கிலும் எண்ணற்ற பெண்கள் இவ்வாறு சிக்குண்டனர். 2018 இல் வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவரையான நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வரவேண்டிய அளவுக்கு அத்துன்பம் முற்றியது.

சட்டத்துக்குரியவை சிலவே. தம் சொந்தப் பெயரல்லாத பெயரில் வியாபாரம் செய்வோர் பிரதேச செயலகத்தினூடாக வியாபாரப் பெயரைப் பதிவுசெய்தல் வேண்டும். வங்கிக் கணக்குத் திறப்பதற்கும் அப்பத்திரம் உதவும். தொழிலின் வகையைப் பொறுத்து உள்ளூராட்சிச் சபையின் அனுமதி தேவைப்படும். உணவுப் பொருளாயின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைத் தொடக்கத்திலேயே அழைத்து இடத்தைக் காட்டுதல் நன்று; பிழை கண்டபின் அவர் வருவதிலும், பிழை வருமுன் அவரை அழைப்பது மலிவு. பொதியில் நிறை, தயாரித்த நாள், காலாவதி நாள், தயாரிப்பாளர் முகவரி, விலை ஆகியன குறிக்கப்படல் வேண்டும். ஈரம் முற்றும் போகாத மிளகாயிற் பூஞ்சணம் பிடித்து நச்சுத்தன்மை உண்டாகும் என்பதும் கறித்தூள் செய்வோர் அறியவேண்டியது.

இத்தனையும் கணித்த பின்னரும் முழு முதலையும் ஒரேயடியாக இடவேண்டிய அவசியமில்லை. இரண்டு கிலோ தூளை வீட்டுத் தாச்சியில் வறுத்து, இரவற் தராசில் நிறுத்து, அறியாத இருபது வீடுகளில் விற்றுப் பார்க்கலாம். உறவினரிடம் விற்பது சோதனையாகாது. அவர்கள் பரிவினால் வாங்குவர். மூன்று வாரத்தின் பின்னர் கேளாமலே மீண்டும் வாங்க முன்வந்தோர் எத்தனை பேர் என்பதே விடை. இருபதில் எட்டுப்பேர் எனின் கருவி வாங்க நினைக்கலாம். இருவர் எனின், தூளின் பக்குவத்தையோ விலையையோ மாற்றி மீண்டும் சோதிக்கலாம். அன்றிச் சில ஆயிரம் ரூபா இழப்புடன் அதனை விட்டு வேறொன்றை நாடலாம்.

நிறுத்தும் எல்லையும் தொடங்குமுன்னரே எழுதப்படல் வேண்டும். இத்தனை மாதத்தினுள் வாரம் இத்தனை கிலோ விற்காவிடின், அல்லது இட்ட முதலில் இத்தனை கரைந்துவிடின், நிறுத்துவது என்ற குறிப்பு வீட்டிலுள்ள மற்றொருவரிடம் இருத்தல் நன்று. தொழில் தடுமாறும்போது அதனை நடத்துவோர் தாமே அதனை நடுநின்று நோக்க வல்லவராயிரார். இன்னும் ஒரு மாதம், இன்னும் ஒரு காப்பு என்று மனம் இழுத்துச் செல்லும்.

இன்னொரு நிகழ்ச்சியும் திட்டத்தில் இடம்பெறவேண்டும். அது நியமனக் கடிதம் வருவது. தொழில் ஓரளவு நிலைபெற்ற ஏழாம் மாதத்திலோ பதினோராம் மாதத்திலோ, எப்போதோ எழுதிய விண்ணப்பத்துக்கு விடை வரலாம். பலர் அன்று மாலையே தாச்சியைக் கவிழ்த்துவிட்டுத் தூர இடப் பாடசாலையொன்றுக்குப் புறப்படுவர். நிலுவையும் வாடிக்கையாளரும் அத்துடன் மறைவர். எந்த வீட்டுக்கு எந்தக் கிழமையில் எத்தனை கிராம், எந்தக் கடையில் மல்லி தரமானது, மிளகாய்க்கு எத்தனை பங்கு மிளகு, எவரிடம் எவ்வளவு நிலுவை என்பன கொப்பியில் ஒழுங்காக எழுதப்பட்டிருக்குமாயின், அத்தொழிலைத் தங்கையோ அயல்வீட்டுப் பெண்ணோ அடுத்த திங்கட்கிழமையே ஏற்று நடத்தலாம். தொடங்கியவர் தம் முதலுக்கு ஒரு பங்கு பெற்றுக்கொள்ளலாம்; அன்றிக் கருவிகளையும் வாடிக்கையாளர் பட்டியலையும் ஒரு விலைக்குக் கொடுத்து அடைவு நகையை மீட்கலாம்.